இறுவட்டு இல்லாமல் இறுவட்டைத் திறந்த கதை

இப்ப வாங்குற மடிக்கணினிகள் பலதில சீடி போடுற இடமே இல்லை. ஆனால் ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பை இரண்டு தரம் கிளிக் பண்ணினால் சீடி போட்டது மாதிரியே ஒரு புது டிரைவ் தோன்றும். உள்ளே கோப்புகள் எல்லாம் இருக்கும். வேலை முடிந்ததும் ‘இஜெக்ட்’ கொடுப்போம். இல்லாத சீடியை இல்லாத டிரைவிலிருந்து வெளியில எடுக்கிறோம், அதை ஒரு விஷயமாகவும் எடுப்பதில்லை.

ஆனால் இந்த வசதி வின்டோஸில் இயல்பாக வந்தது 2012இல்தான். ஐ.எஸ்.ஓ. கோப்புக்கு அடிப்படையான தரம் 1988இலேயே வந்துவிட்டது. லினக்ஸில் இந்த வேலைக்கான கருவி 1993இல் எழுதப்பட்டது. அப்படியெண்டால் இது செய்யக் கஷ்டமான வேலை இல்லை. பிறகு ஏன் இவ்வளவு காலம்?

வரலாறு படிக்கிற எனக்கு இதில் என்ன அக்கறை எண்டு கேட்கலாம். வரலாற்றில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விதான் இது: மூலம் எது, பிரதி எது, பிரதி எடுக்கிற உரிமை ஆருக்கு? அந்தக் கேள்வி ஒரு பிளாஸ்டிக் தட்டைச் சுற்றி இருபது வருஷத்துக்கு மேல் நடந்த கதை இது.

‘இமேஜ்’ எண்டால் என்ன?

இமேஜ் என்றவுடன் படம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தட்டில் இருக்கிற தரவு முழுவதையும், முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை, அதே ஒழுங்கில் ஒரே கோப்பாக எடுத்து வைப்பதுதான் டிஸ்க் இமேஜ். கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரதி பண்ணுவது வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றுவது மாதிரி. இமேஜ் எடுப்பது வீட்டையே அப்படியே தூக்கிக்கொண்டு போவது.

சீடி முதலில் இசைக்காகத்தான் வந்தது, 1982 ஒக்டோபரில், ஜப்பானில். அடுத்த வருஷம் சோனியும் பிலிப்ஸும் அதைக் கணினித் தரவுக்கும் பொருத்தமாக்கின. அந்த விதிமுறைக்கு அதன் அட்டை நிறத்தால் ‘மஞ்சள் புத்தகம்’ என்று பெயர். ஆனால் அது தரவைத் தட்டில் எப்படிப் பதிப்பது என்று சொன்னதே தவிர, கோப்புகளையும் கோப்புறைகளையும் எப்படி அடுக்குவது என்று சொல்லவில்லை. ஒரு கம்பனி தயாரித்த சீடியை இன்னொருவரின் கணினி வாசிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இருக்கவில்லை.

இதைத் தீர்க்க 1985 நவம்பரில் பல கம்பனிகளின் பிரதிநிதிகள் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தாஹோ ஏரிக்கு அருகில் இருந்த ஹை சியரா என்ற ஹொட்டேலில் கூடினார்கள். அங்கு உருவான முறைக்கு ஹொட்டேலின் பெயரையே வைத்தார்கள். சில மாற்றங்களோடு 1988இல் அது ஐ.எஸ்.ஓ. 9660 என்ற சர்வதேசத் தரமாகியது. எங்கட ‘ஐ.எஸ்.ஓ. கோப்பு’ என்ற பெயர் வந்தது இதிலிருந்துதான்.

இந்தத் தரத்தின்படி தரவு 2048 பைட் துண்டுகளாக இருக்கும். முதல் 16 துண்டுகளைத் தாண்டினால் ‘சீ.டி.001’ என்ற எழுத்துகளோடு ஒரு விபரப் பக்கம் வரும். தட்டின் பெயர் என்ன, கோப்புப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினி ஒரு சீடியைத் திறக்கும்போது செய்வது இதுதான்: ‘அந்தத் துண்டைத் தா’ என்று டிரைவிடம் கேட்கிறது, டிரைவ் கொடுக்கிறது.

எரிக்காமல் திறக்கிற மென்பொருளின் தந்திரமும் இதிலேயே இருக்கிறது. இயங்குதளத்துக்கு ‘நானும் ஒரு சீடி டிரைவ்தான்’ என்று தன்னை அறிமுகப்படுத்தும் ஒரு சின்ன நிரல். 16 துண்டுகளைத் தாண்டியதைக் கேட்டால், அது கோப்பில் 16 × 2048 = 32,768 பைட்டுகளைத் தாண்டி, அங்கே இருப்பதை எடுத்துக் கொடுக்கும். கேட்ட இயங்குதளத்துக்கு வித்தியாசம் தெரியாது. இதைத்தான் ‘மவுன்ட் பண்ணுறது’ என்கிறோம்.

காவல் தேவைப்படாத காலம்

1980களின் கடைசியில் வீட்டுக் கணினியின் வன்தட்டு 20, 40 மெகாபைட் அளவுதான். ஒரு சீடியில் 650 மெகாபைட். இமேஜ் எடுத்தாலும் வைக்க இடமில்லை. சீடி எழுதும் கருவியோ சாதாரண ஆட்கள் நினைத்தும் பார்க்க முடியாத விலை. அளவே அந்தக் காலத்துச் சீடிக்குக் காவலாக இருந்தது.

அந்தக் காலத்தில் இமேஜ் ஒரு குற்றமாகவும் தெரியவில்லை. யூனிக்ஸ் மரபில் வட்டும் ஒரு கோப்பு மாதிரித்தான். அந்த வழியில் வந்த லினக்ஸில், ஒரு கோப்பையே வட்டாக நடத்தும் ‘லூப்’ என்ற பகுதியை 1993 மார்ச்சில் தியடோர் ட்சோ எழுதினார். லினக்ஸில் ஒரு கட்டளையில் ஐ.எஸ்.ஓ.வைத் திறக்க முடிவது இன்றும் அதனால்தான். அப்பிள் பக்கமும் இதே கதை. நெகிழ்வட்டுக் காலத்திலிருந்தே அவர்களிடம் ‘டிஸ்க் கொப்பி’ என்ற கருவி இருந்தது. 2001இல் வந்த மக் ஓ.எஸ். எக்ஸில் மென்பொருள்களை இமேஜ் கோப்பாகவே கொடுப்பது வழக்கமாகியது. பயனர் திறப்பார், உள்ளே இருப்பதை இழுத்துப் போடுவார், மூடுவார். ஒருத்தரும் அதைக் களவென்று சொல்லவில்லை.

சண்டை நடந்தது வின்டோஸில். காரணம், காசு கொடுத்து வாங்கும் கணினி விளையாட்டுகளின் பெரிய சந்தை அங்கேதான் இருந்தது.

தட்டு டிக்கெட்டான கதை

1990களின் கடைசியில் வன்தட்டுகள் கிகாபைட் கணக்கில் வளர்ந்தன, சீடி ரைட்டர் விலை குறைந்தது. அளவு என்ற பழைய காவல் இல்லாமல் போனது. விளையாட்டுக் கம்பனிகள் புதுக் காவலைத் தேடின.

1998இல் வந்த சேஃப்டிஸ்க், கொஞ்சக் காலத்தில் மக்ரோவிஷன் கம்பனியின் கைக்குப் போனது. அதன் வேலை முறை சுவாரசியமானது. அசல் தட்டின் ஒரு பகுதியில் வாசிக்க முடியாத துண்டுகளை வேணுமெண்டே வைத்தார்கள். விளையாட்டின் பிரதான நிரலை மறைகுறியாக்கிப் பூட்டினார்கள். விளையாட்டைத் தொடங்கினால் காவல் நிரல் முதலில் அந்தப் பழுதுகளைத் தேடும். வாசிக்க முடியாமல் பிழை வந்தால், ‘சரி, இது அசல்’. பிரதியில் தட்டு ஒழுங்காக வாசிக்கப்பட்டால் கதவு பூட்டியபடியே இருக்கும். பிழை இல்லாததுதான் பிழை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு முழுவதும் வன்தட்டில் பதிந்திருந்தாலும் தட்டைப் போடச் சொல்லிக் கேட்கும். தரவு தேவைப்பட்டு இல்லை, காசு கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும் எண்டுதான். தட்டு இப்போது புத்தகமாக இல்லை, வாசலில் காட்டுகிற டிக்கெட்டாக மாறிவிட்டது. டிக்கெட்டில் கீறல் விழுந்தால் காசு கொடுத்தவரும் வெளியில்தான்.

இந்த இடத்தில்தான் டேமன் டூல்ஸ் வருகிறது. சேஃப்டிஸ்க்கை ஏமாற்றுவதற்காக இருந்த ஒரு சின்ன நிரலின் வாரிசாக 2000ஆம் ஆண்டளவில் அது வெளிவந்தது. கோப்பைத் திறந்து காட்டுவதோடு அது நிற்கவில்லை. காவல் நிரல் பழுதான துண்டைக் கேட்டால், உண்மையான டிரைவ் மாதிரியே ‘வாசிக்க முடியவில்லை’ என்று பதில் சொன்னது.

சேஃப்டிஸ்க்கின் இரண்டாவது தலைமுறை, பல ரைட்டர்களால் சரியாக எழுதவே முடியாத பிட் ஒழுங்குகளைத் தட்டில் வைத்தது. சோனியின் செக்யூரொம் தட்டில் துண்டுகள் பௌதிகமாக எங்கெங்கே இருக்கின்றன என்பதையே அளக்கத் தொடங்கியது. வெற்றுச் சீடியில் எரித்தால் அந்த அளவு ஒத்துவராது. ஆனால் கற்பனை டிரைவுக்குத் தட்டு ஒன்று தேவையே இல்லையே. என்ன அளவு வர வேண்டுமோ அதை ஒரு கோப்பில் குறித்து வைத்துச் சொல்லிவிடலாம். ஆக எரித்த பிரதியைவிட எரிக்காத பிரதி அசலுக்கு நெருக்கமாக இருந்தது. ‘பேர்ன் பண்ணாமல் திறக்கிறது’ என்பது சீடிக் காசு மிச்சம் பிடிக்கிற வழியாக மட்டும் வளரவில்லை. சில தட்டுகளுக்கு அதுதான் சரியாக வேலை செய்த வழி.

இமேஜ் கோப்புகளுக்கு ஏன் இத்தனை பெயர் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. கோப்பில் பயனருக்கான 2048 பைட்டுகள் மட்டுமே இருக்கும். தட்டில் ஒரு துண்டு உண்மையில் 2352 பைட். மிச்சம் 304இல் ஒத்திசைவுக் குறியும் பிழைதிருத்தத் தரவும் இருக்கும். அதையும் சேர்த்து எடுக்க வந்ததுதான் பின், கியூ என்ற சோடி. குளோன் சீடி இன்னும் ஆழமான துணைத் தரவுகளை எடுத்தது. அல்கஹோல் 120% என்ற மென்பொருளின் எம்.டி.எஸ்., எம்.டி.எஃப். சோடியில் தட்டின் பௌதிக அளவுகளையும் வைக்கலாம். ஒவ்வொரு புது வடிவத்துக்குப் பின்னாலும் ‘ஐ.எஸ்.ஓ.வில் அகப்படாதது’ ஏதோ ஒன்று இருந்தது.

சட்டமும் ஒளிந்து பிடித்தலும்

காவலை உடைப்பதையே குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1998இல் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமை நெறிமுறை 2001இல் வந்தது. அது நாடுகளின் சட்டமாக மாறியபோது, குளோன் சீடியை உருவாக்கிய சுவிஸ் கம்பனி 2003இல் அதை விற்றுவிட்டது. வாங்கிய கம்பனி இருந்தது கரிபியன் தீவு நாடான அன்டிகுவா பார்புடாவில்.

இன்னொரு பக்கம், விளையாட்டுகள் கணினியில் டேமன் டூல்ஸ் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கின. இருந்தால் ஓடாது, அசல் தட்டு கையில் இருந்தாலும் ஓடாது. டேமன் டூல்ஸ் தன்னை இன்னும் ஆழமாக ஒளித்துக்கொண்டது. இவர் ஒளிய அவர் தேட, அவர் ஒளிய இவர் தேட, நடுவில் பயனரின் கணினி.

இது எங்கே போய் முடிந்தது என்பதை 2005 ஒக்டோபர் 31 காட்டியது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர், தன் கணினியில் ஒளிந்திருந்த ஒரு ரூட்கிட்டைக் கண்டுபிடித்து எழுதினார். ரூட்கிட் என்பது இயங்குதளத்துக்கே தெரியாமல் தன்னை மறைக்கும் நிரல், வைரஸ் எழுதுகிறவர்களின் கருவி. அது வந்தது காசு கொடுத்து வாங்கிய ஒரு சோனி பி.எம்.ஜி. பாட்டுச் சீடியிலிருந்து. பிரதி எடுப்பதைத் தடுக்கவாம். எதிர்ப்பும் வழக்குகளும் வந்தன, கம்பனி அந்தச் சீடிகளைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. அதே ருசினோவிச் 2006 பெப்ரவரியில் இன்னொன்று எழுதினார்: டேமன் டூல்ஸும் அல்கஹோலும் காவல் நிரல்களிடமிருந்து ஒளிய ரூட்கிட் பாணித் தந்திரங்களைப் பாவிக்கின்றன.

ஆகவே இதை நல்லவன், கெட்டவன் கதையாகச் சொல்ல ஏலாது. டேமன் டூல்ஸின் இலவசப் பதிப்போடு விளம்பர மென்பொருளைக் கட்டிக் கொடுத்த காலமும் இருந்தது. அதைப் பாவித்தவர்களில் பெரும் பங்கினர் களவுப் பிரதிகளை ஓட்டியவர்கள் என்பதை மறைக்கவும் தேவையில்லை. தெருவோரச் சீடிக் கடைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது புதுச் செய்தியும் இல்லை.

அனுமதி வந்த நேரம்

இதில் மைக்ரோசொப்ட் எங்கே நின்றது? எக்ஸ்பி காலத்தில் இமேஜைத் திறக்க ஒரு சின்னக் கருவியை அவர்களும் வைத்திருந்தார்கள், ஆனால் உத்தியோகபூர்வ ஆதரவு இல்லாமல், வின்டோஸுக்கு வெளியே. சேஃப்டிஸ்க்கின் டிரைவர் நிரலையோ வின்டோஸோடு சேர்த்தே கொடுத்தார்கள். திறப்பு வெளியில், பூட்டு உள்ளுக்கு. 2009இல் வந்த வின்டோஸ் 7 ஐ.எஸ்.ஓ.வைச் சீடியில் எரிக்கும், ஆனால் எரிக்காமல் திறக்காது.

2011 ஓகஸ்டில், அடுத்த வின்டோஸில் ஐ.எஸ்.ஓ.வை நேரடியாகத் திறக்கலாம் என்று அறிவித்தார்கள். 2012 ஒக்டோபர் 26 வெளிவந்த வின்டோஸ் 8இல் அது நடந்தது.

இடையில் என்ன மாறியது? மக்புக் எயார் 2008இலேயே சீடி டிரைவ் இல்லாமல் வந்தது, மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். விளையாட்டுப் பக்கம் 2003இல் ஸ்டீம் வந்தது. 2004இல் ‘ஹாஃப் லைஃப் 2’ஐத் தட்டாக வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. டிக்கெட் தட்டிலிருந்து கணக்குக்கு மாறிவிட்டது. என் வாசிப்பில், எரிக்காமல் திறக்கும் வசதிக்கு வின்டோஸில் இடம் கிடைத்தது பயனரின் உரிமையை யாரோ ஏற்றுக்கொண்டதால் அல்ல. தட்டைக் காவல் காப்பதில் இனி லாபம் இல்லை எண்டபடியால்தான்.

காசு கொடுத்தவர் வெளியில்

தட்டோடு கட்டப்பட்ட பழைய விளையாட்டுகளுக்கு என்ன நடந்தது? சேஃப்டிஸ்க்கின் டிரைவரில் பாதுகாப்புக் குறை இருப்பது 2007இலேயே வெளிவந்தது. 2015இல் வந்த வின்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே வருஷம் செப்டெம்பரில் வந்த பாதுகாப்பு மேம்படுத்தல், முந்திய வின்டோஸ் பதிப்புகளிலும் அதை முடக்கியது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவுதான். ஆனால் சேஃப்டிஸ்க் போட்டு வந்த விளையாட்டை அசலாக வாங்கி, தட்டைக் கீறல் படாமல் வைத்திருந்தவரால் அதை அப்படியே ஓட்ட முடியாமல் போனது. காவலை வெட்டி எடுத்த களவுப் பிரதிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கம்பனிகளுக்கும் இதே நிலை வந்தது. 2008இல் யூபிசொப்ட், ‘ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2’ விளையாட்டின் தட்டுச் சோதனைப் பிரச்சினையைத் தீர்க்கக் கொடுத்த கோப்பு, களவுக் குழு ஒன்று முன்பே வெளியிட்ட கோப்பு என்பது அம்பலமானது. 2010இல் ஸ்டீமில் விற்ற ‘மக்ஸ் பெய்ன் 2’இன் நிரலுக்குள் ஒரு களவுக் குழுவின் அடையாளம் அப்படியே கிடந்தது. தாங்கள் போட்ட பூட்டைத் திறக்க, பூட்டு உடைத்தவர்களின் திறப்பைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டவர்களும் இருந்தார்கள். இணைய ஆவணகமான இன்ரர்நெற் ஆர்க்கைவ் கேட்டதன் பேரில், வழக்கொழிந்த வடிவங்களில் உள்ள, அசல் தட்டு இருந்தால் மட்டுமே இயங்கும் மென்பொருள்களுக்கு 2003இல் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விலக்கு கிடைத்தது. ‘ரீடம்ப்’ என்ற தன்னார்வ முயற்சி, தட்டுகளைத் துண்டு துண்டாக வாசித்து, ஒவ்வொன்றினதும் சரிபார்ப்பு எண்களைப் பதிந்து வைக்கிறது. ஏட்டுச்சுவடி ஓலையைச் செல் அரிக்க முன்னம் புது ஓலையில் படியெடுத்தவர்கள் செய்த வேலைதான் இது. படியெடுத்தபடியால் மிஞ்சியவைதான் எங்கட பழைய இலக்கியங்கள்.

எங்கட அலுமாரியில் இருக்கிறவை

எங்கட வீடுகளிலும் இறுவட்டுகள் கிடக்கின்றன. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய டிவிடி. ‘இறுவட்டு வெளியீட்டு விழா’ வைத்து வெளியிட்ட உள்ளூர்க் கலைஞர்களின் பாட்டுகள். இவற்றில் பலதுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. எழுதக்கூடிய சீடியில் தரவு இருப்பது ஒரு சாயப் படையில். வெயிலும் ஈரப்பதனும் அதைத் தின்னும். இவற்றுக்குச் சேஃப்டிஸ்க் மாதிரிக் காவலும் இல்லை. இருந்தும் படியெடுக்க நாங்கள் நினைப்பதில்லை.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

யூ.எஸ்.பி.யில் கொழுவுற டிவிடி டிரைவ் ஒன்று போதும். ஆள்மாறி ஆள் பாவிக்கலாம்.

வீட்டு நிகழ்வு டிவிடி, தரவுச் சீடி எண்டால் ஐ.எஸ்.ஓ.வாக எடுக்கலாம். வின்டோஸில் ‘இம்ஜ்பேர்ன்’ இலவசம். மக்கில் ‘டிஸ்க் யூட்டிலிட்டி’ கூடவே வருகிறது. கீறல் விழுந்த தரவுத் தட்டு எண்டால் லினக்ஸின் ‘டிடிரெஸ்கியூ’ பொறுமையாகத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும்.

வீசிடியையும் பாட்டுச் சீடியையும் ஐ.எஸ்.ஓ.வாக எடுக்க வேண்டாம். வீசிடியில் காணொளி இருக்கும் துண்டு 2324 பைட், ஐ.எஸ்.ஓ.வின் 2048க்குள் அது அடங்காது. பாட்டுச் சீடியில் ஐ.எஸ்.ஓ. சொல்கிற கோப்பு முறையே இல்லை. இரண்டையும் பின், கியூ சோடியாக எடுக்க வேண்டும். பழைய கலியாணங்கள் பலதும் வீசிடியில் இருப்பதால் இது முக்கியம்.

எடுத்ததை ஒரு தரமாவது மவுன்ட் பண்ணி, கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கோ. பிறகு இரண்டு இடத்தில் வையுங்கோ. ஆர், எங்கே, எப்ப என்ற விபரத்தையும் கூடவே ஒரு கோப்பில் எழுதி வைத்தால், பிறகு பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஆவணமாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மின்னஞ்சலில் வரும் தெரியாத ஐ.எஸ்.ஓ.வைத் திறக்க வேண்டாம். இணையத்திலிருந்து வந்த கோப்புக்கு வின்டோஸ் போடும் எச்சரிக்கைக் குறி, ஐ.எஸ்.ஓ.வுக்குள் இருந்த கோப்புகளுக்குப் போகாமல் இருந்தது. தாக்குதல்காரர்கள் அதைப் பாவித்தார்கள். 2022 நவம்பரில்தான் அது திருத்தப்பட்டது.

பிரதி எடுப்பது களவா, காப்பாற்றுவதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஆனால் இந்த வரலாற்றில் ஒன்று தெளிவாக இருக்கிறது. காவல் போட்டவர்கள் அந்தக் காவலை என்றைக்கும் பராமரிக்கவில்லை. தட்டில் இருந்தது மிஞ்சினால், அது ஆரோ ஒருத்தர் நேரத்துக்குப் படியெடுத்து வைத்தபடியால்தான். அலுமாரியில் கிடக்கிற கலியாண வீசிடியை எங்களுக்காக வேறொருத்தர் படியெடுக்கப் போவதில்லை.